மெதுவேக ஊர்திகளுக்கான சாலைப் பாதுகாப்புச் சட்டங்கள்

மெதுவேக ஊர்திகளுக்கான சாலைப் பாதுகாப்புச் சட்டங்கள் என்பன, நெடுஞ்சாலையின் பொது வேகத்தைவிட மிகக் குறைந்த வேகத்தில் செல்லும் ஊர்திகள் பிற ஊர்தி ஓட்டுநர்களின் கண்ணுக்குத் தெரியும்படி இருப்பதற்காக வகுக்கப்பட்ட விதிகள் ஆகும். டிராக்டர், டிராக்டருடன் இணைக்கப்படும் டிரெய்லர், விசைக் கலப்பை, மண் அள்ளும் இயந்திரம், சாலை உருளை, மாட்டு வண்டி ஆகியவை இவ்வகை ஊர்திகளுக்கு எடுத்துக்காட்டுகள். பழுதாகியோ ஓய்வுக்காகவோ சாலையில் நிறுத்தப்பட்ட சரக்குந்தும் (லாரி) பின்னால் வருபவருக்கு இதே இடரை உண்டாக்குவதால், அதற்கான விதிகளும் இவற்றுடன் சேர்த்தே நோக்கப்படுகின்றன.

இந்தியாவில் இவ்விதிகள் ஒரே சட்டமாகத் தொகுக்கப்படவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988, மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, மோட்டார் வாகனம் (ஓட்டுதல்) ஒழுங்குமுறைகள் 2017, பாரதிய நியாய சன்ஹிதா 2023 ஆகியவற்றில் இவை பரவிக் கிடக்கின்றன. உயிரிழப்பு ஏற்பட்ட விபத்துகளில், முன்னால் சென்ற அல்லது நின்ற ஊர்தியின் பின்விளக்கு எரிந்ததா என்ற கேள்வி, குற்ற வழக்கையும் இழப்பீட்டையும் பெரிதும் தீர்மானிக்கிறது. அதற்கான சான்று விபத்து நடந்த சில மணி நேரத்திலேயே திரட்டப்பட வேண்டியது என்பதால் விபத்துப் புலனாய்வு இங்கு முதன்மை பெறுகிறது.

இடரின் தன்மை

மெதுவேக ஊர்தியின் இடர் அதன் வேகத்தில் அன்று, வேக வேறுபாட்டில் உள்ளது. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் செல்லும் மகிழுந்து ஒரு நொடியில் ஏறத்தாழ 22 மீட்டர் கடக்கிறது. அதற்கு 100 மீட்டர் முன்னால் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஒரு பேருந்து சென்றால், இடைவெளி மறைய 18 நொடிகள் ஆகும். அதே இடத்தில் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் டிராக்டர் சென்றால் 6 நொடிகளே உள்ளன. நின்று கொண்டிருக்கும் லாரி என்றால் நான்கரை நொடிகள் மட்டுமே.

இந்தியச் சாலைக் காங்கிரசு சாலை வடிவமைப்புக்காக ஓட்டுநரின் எதிர்வினை நேரத்தை 2.5 நொடிகள் எனக் கொள்கிறது. மணிக்கு 80 கி.மீ. வேகத்துக்கு நிறுத்தப் பார்வைத் தொலைவு 120 மீட்டர் எனவும், 100 கி.மீ. வேகத்துக்கு 180 மீட்டர் எனவும் அது வரையறுத்துள்ளது. இரவில் தாழ்த்தப்பட்ட முகப்பு விளக்கின் ஒளியில் விளக்கற்ற பொருள் ஒன்று தெரியும் தொலைவு ஏறத்தாழ 50 மீட்டர்தான். எனவே, பின்விளக்கோ எதிரொளிப்பானோ இல்லாத டிரெய்லரை ஓட்டுநர் காணும்போது, நிறுத்துவதற்கான தொலைவு முன்பே கடந்துபோயிருக்கும். எதிரே வரும் ஊர்தியின் ஒளி கண்ணைக் கூசச் செய்தால் இத்தொலைவு மேலும் குறையும்.

டிராக்டரில் பின்விளக்கு இருந்தாலும், டிரெய்லரை இணைத்தவுடன் அது மறைந்துவிடுகிறது. வைக்கோல், கரும்பு போன்ற சுமைகள் இருபுறமும் பின்புறமும் பிதுங்கி நிற்கும்போது டிரெய்லரின் எதிரொளிப்பான்களும் மறைந்துவிடக்கூடும். சுமையின் அகலத்தையும் பின்னால் வருபவரால் இருட்டில் கணிக்க இயலாது.

தென்காசி வட்டாரம்

கொல்லம் – திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலை 744 (பழைய எண் 208) புளியரை, செங்கோட்டை, தென்காசி, கடையநல்லூர், புளியங்குடி, சிவகிரி, இராசபாளையம் வழியாகச் செல்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் அமைந்த அச்சன்புதூர், வடகரை, பண்பொழி போன்ற ஊர்களின் வயல்வெளிப் போக்குவரத்து இந்நெடுஞ்சாலையுடனும் இதன் கிளைச் சாலைகளுடனும் கலக்கிறது. தென்காசி மாவட்டம் 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டுச் செயல்படத் தொடங்கியது.

இச்சாலையில் மூன்று வகைப் போக்குவரத்து ஒரே தடத்தைப் பகிர்கின்றது. முதலாவது, உழவு மற்றும் அறுவடைக் காலங்களில் வயலுக்கும் களத்துக்கும் இடையே செல்லும் டிராக்டர்கள். இரண்டாவது, புளியரை வழியாகக் கேரளம் செல்லும் சரக்குந்துகள். மூன்றாவது, சூன் முதல் ஆகத்து வரையிலான குற்றாலப் பருவத்திலும், கார்த்திகை, மார்கழி மாதங்களின் சபரிமலைப் பயணக் காலத்திலும் வெளியூர்களிலிருந்து வரும் மகிழுந்துகளும் வேன்களும். வெளியூர் ஓட்டுநருக்கு எந்த வளைவில் வயல் பாதை சாலையில் சேர்கிறது என்பது தெரிந்திருக்காது.

2024 சனவரி 28 அன்று அதிகாலையில் புளியங்குடிக்கும் கடையநல்லூருக்கும் இடையே, குற்றாலம் சென்று திரும்பிய மகிழுந்து ஒன்று சிமெண்டு ஏற்றிவந்த லாரியுடன் மோதியதில் 6 பேர் உயிரிழந்தனர். இது நேருக்கு நேர் நிகழ்ந்த மோதல் ஆகும். மெதுவேக ஊர்தி விபத்து அன்று. எனினும், நடுத்தடுப்பு இல்லாத சாலையில் இரவு நேரத்தில் ஏற்படும் இடரின் அளவை இது காட்டுகிறது.

நுழைவு கட்டுப்படுத்தப்பட்ட விரைவுச்சாலைகளில் இச்சிக்கலுக்கு வேறு தீர்வு காணப்பட்டுள்ளது. பெங்களூரு – மைசூரு விரைவுச்சாலையின் முதன்மைத் தடத்தில் இருசக்கர ஊர்திகள், மூன்று சக்கர ஊர்திகள், டிராக்டர்கள், மோட்டார் அல்லாத ஊர்திகள் செல்வதற்கு 2023 ஆகத்து 1 முதல் தடை விதிக்கப்பட்டது. ஊர்களின் நடுவே செல்லும் சாலைகளில் இத்தகைய தடை நடைமுறைக்கு ஒத்துவராது. வயலுக்குச் செல்ல அங்கு வேறு வழி இல்லை. ஆகவே அங்கு ஊர்தியைத் தெரியச் செய்வதே எஞ்சியுள்ள வழியாகும்.

இந்தியச் சட்ட ஏற்பாடுகள்

வகைப்பாடு

மோட்டார் வாகனச் சட்டத்தின் 2-ஆம் பிரிவு டிராக்டரையும் டிரெய்லரையும் தனித்தனியே வரையறுக்கிறது. மத்திய விதிகளின்படி வேளாண் டிராக்டர் போக்குவரத்து அல்லாத ஊர்தி ஆகும். உழவுக் கருவிகளுடன் வேலை செய்வதும், டிரெய்லர் மூலம் வேளாண் பொருள்களை ஏற்றிச் செல்வதும் அதன் பயன்கள் என அவ்வரையறை கூறுகிறது. ஆட்களை ஏற்றிச் செல்வது அதில் இல்லை. மாட்டு வண்டி மோட்டார் ஊர்தி அன்று. ஆதலால் பதிவு, ஓட்டுநர் உரிமம், கட்டாயக் காப்பீடு ஆகிய எவையும் அதற்கு இல்லை.

விளக்குகளும் எதிரொளிப்பான்களும்

மத்திய விதிகளின் 105-ஆம் விதி, கதிரவன் மறைந்து அரை மணி நேரத்துக்குப் பின்னிருந்து, கதிரவன் எழுவதற்கு அரை மணி நேரத்துக்கு முன்பு வரையிலும், போதிய வெளிச்சமற்ற பிற வேளைகளிலும் விளக்கு எரிய வேண்டும் எனப் பணிக்கிறது. பின்புறச் சிவப்பு விளக்கு 155 மீட்டர் தொலைவிலிருந்து தெரிய வேண்டும். பதிவெண் பலகையின் விளக்கு 15 மீட்டர் தொலைவிலிருந்து எண்ணைப் படிக்க உதவ வேண்டும். மேற்கூறிய 120 மீட்டர் நிறுத்தத் தொலைவுடன் ஒப்பிட்டால், 155 மீட்டர் என்ற அளவின் பொருள் விளங்கும். விளக்கு எரிந்தால் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் வருபவரால் நிறுத்த முடியும், எரியாவிட்டால் முடியாது.

104-ஆம் விதி டிரெய்லர் உள்ளிட்ட ஊர்திகளின் பின்புறத்தில் சிவப்பு எதிரொளிப்பான்கள் பொருத்த வேண்டும் என்கிறது. எதிரொளிப்பானுக்கு மின்சாரம் தேவையில்லை. டிரெய்லரின் மின்கம்பி அறுந்த நிலையிலும் அது செயல்படும். 109-ஆம் விதி, நிறுத்தப்பட்ட நிலையிலும் எரியக்கூடிய நிறுத்த விளக்குகள் பற்றியது.

நிறுத்துதல்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 122-ஆம் பிரிவு, பிறருக்கு இடர், தடை அல்லது இடையூறு விளையும் வகையில் பொது இடத்தில் ஊர்தியை விட்டுச் செல்வதைத் தடுக்கிறது. 127-ஆம் பிரிவு அத்தகைய ஊர்தியை அப்புறப்படுத்தக் காவல்துறைக்கு அதிகாரம் அளிக்கிறது. சாலைச் சந்திப்பு, வளைவு, மேட்டின் உச்சி, விரைவுப் போக்குவரத்து உள்ள முதன்மைச் சாலை ஆகிய இடங்களில் ஊர்தியை நிறுத்தக்கூடாது என 1989-ஆம் ஆண்டின் சாலை ஒழுங்குமுறைகள் கூறின. இவ்வொழுங்குமுறைகளுக்குப் பதிலாக 2017-இல் புதிய ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் வந்தன.

பொது வழியில் இடரோ தடையோ ஏற்படுத்துவதற்கு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 283-ஆம் பிரிவு 200 ரூபாய் வரை தண்டம் விதித்தது. 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 285-ஆம் பிரிவில் இது 5,000 ரூபாய் வரை என உயர்த்தப்பட்டுள்ளது.

குறிப்பிடத்தக்க விபத்துகள்

- 2022 அக்டோபர் 1 அன்று உத்தரப் பிரதேச மாநிலம் கான்பூர் மாவட்டத்தில், கோயிலுக்குச் சென்று திரும்பியவர்களை ஏற்றிவந்த டிராக்டர் டிரெய்லர் குளத்தில் கவிழ்ந்தது. 26 பேர் உயிரிழந்தனர். வேளாண் பணிக்கான ஊர்தியில் ஆட்களை ஏற்றுவது பற்றிய விவாதம் இதன்பின் எழுந்தது.
- 2023 செப்டம்பர் 6 அன்று அதிகாலையில் சேலம் மாவட்டம் சங்ககிரி அருகே, சாலையோரம் நின்ற லாரியின் பின்புறத்தில் வேன் மோதியதில் 6 பேர் உயிரிழந்தனர்.
- 2023 செப்டம்பர் 11 அன்று திருப்பத்தூர் மாவட்டம் நாட்றம்பள்ளி அருகே, பழுதாகி நின்ற சுற்றுலா வேன் மீது லாரி மோதியது. வேனிலிருந்து இறங்கிச் சாலை நடுத்திட்டில் அமர்ந்திருந்த 7 பெண்கள் உயிரிழந்தனர்.
- 2025 நவம்பர் 2 அன்று இராசத்தான் மாநிலம் பலோதி மாவட்டத்தில், சாலையோரம் நின்ற டிரெய்லர் லாரி மீது பயணிகள் வேன் மோதியதில் 15 பேர் உயிரிழந்தனர். உச்ச நீதிமன்றம் அதே மாதத்தில் இதனைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

உயிரிழப்பு விபத்துகளின் புலனாய்வு

முதல் கட்டம்

உயிரிழப்பு விபத்தில் காவல் நிலையம் முதல் தகவல் அறிக்கையைப் பதிவு செய்கிறது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 279, 304-ஏ பிரிவுகளுக்குப் பதிலாகத் தற்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 106(1) ஆகிய பிரிவுகள் பயன்படுகின்றன. கவனக்குறைவால் மரணம் விளைவித்தலுக்கான சிறைத் தண்டனையின் மேல்வரம்பு 2 ஆண்டிலிருந்து 5 ஆண்டாக உயர்ந்துள்ளது. பிணக்கூறாய்வு, பார்வை மகசர், சாட்சிகள் விசாரணை, விபத்து நடந்த இடத்தின் மாதிரி வரைபடம் ஆகியவை இதன் அடுத்த படிகள்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 136-ஆம் பிரிவின்படி மோட்டார் வாகன ஆய்வாளர் விபத்துக்குள்ளான ஊர்தியைச் சோதிக்கிறார். ஆய்வுக்காக ஊர்தியை வேறிடத்துக்குக் கொண்டு சென்றால், நடைமுறைகள் முடிந்து 24 மணி நேரத்துக்குள் அது உரியவரிடம் திருப்பித் தரப்பட வேண்டும். அதன்பின் டிரெய்லரில் புதிய விளக்கோ எதிரொளிப்புப் பட்டையோ பொருத்தப்பட்டால், விபத்தின்போது இருந்த நிலையை அறிய வழியில்லை.

திரட்டப்பட வேண்டிய சான்றுகள்

பின்னிருந்து மோதிய விபத்துகளில் பின்வரும் சான்றுகள் முதன்மையானவை.

- தடுப்புத் தடம். மோதிய இடத்துக்கு முன்பு சாலையில் சக்கரம் தேய்ந்த தடம் இருந்தால், ஓட்டுநர் முன்னால் இருந்ததைக் கண்டு நிறுத்த முயன்றார் என்பது பெறப்படும். தடத்தின் நீளத்தையும் சாலையின் உராய்வையும் கொண்டு வேகத்தைக் கணக்கிடலாம். தடமே இல்லை எனில், அவர் மிகத் தாமதமாகக் கண்டார் அல்லது காணவே இல்லை என்று கருத இடமுண்டு. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு உள்ள ஊர்திகளில் தடம் மங்கலாகவே பதியும்.
- விளக்கின் இழை. இழை விளக்கு எரிந்துகொண்டிருந்தபோது மோதல் நிகழ்ந்தால், சூடான இழை நெகிழ்ந்து நீண்டுவிடும். எரியாத விளக்கின் குளிர்ந்த இழை நெகிழாமல் முறியும். எரியும்போது கண்ணாடி உடைந்தால் இழை காற்றுப் பட்டு ஆக்சிசனேற்றம் அடையும். எனவே உடைந்த பின்விளக்கும் சான்றே ஆகும். ஒளியுமிழ் இருமுனைய (எல்.இ.டி.) விளக்குகளில் இழை இல்லாததால் இம்முறை பயன்படாது; மின்இணைப்பைச் சோதிக்க வேண்டும்.
- எதிரொளிப்பான். அது இருந்ததா, சேறும் தூசியும் படிந்திருந்ததா, சுமையால் மறைக்கப்பட்டிருந்ததா என்பவை இரவில் ஒளிப்படத்துடன் பதிவு செய்யப்பட வேண்டும்.
- நின்ற இடம். ஊர்தி சாலையின் தார்ப் பகுதியில் நின்றதா, மண் ஓரத்தில் நின்றதா, எச்சரிக்கை முக்கோணம் வைக்கப்பட்டதா என்பவை வரைபடத்தில் அளவுகளுடன் குறிக்கப்பட வேண்டும்.
- சூழல். நிலவொளி, மழை, பனி, தெருவிளக்கு, சாலை வளைவு ஆகியவை.

காலவரையறை கொண்ட அறிக்கைகள்

2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள திருத்த விதிகளின்படி, புலனாய்வு அலுவலர் 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும், 50 நாட்களுக்குள் இடைக்கால விபத்து அறிக்கையையும், 90 நாட்களுக்குள் விரிவான விபத்து அறிக்கையையும் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு அளிக்க வேண்டும். பாதிக்கப்பட்டோருக்கு அவர்களது உரிமைகளை விளக்கும் படிவமும் வழங்கப்பட வேண்டும். இவ்விதிகளைச் செயற்படுத்துவதற்கான வழிகாட்டுதல்களை உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் அளித்தது.

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் பங்களிப்புடன் உருவாக்கப்பட்ட ஒருங்கிணைந்த சாலை விபத்துத் தரவுத்தளம், முதலில் தமிழ்நாடு உள்ளிட்ட 6 மாநிலங்களில் நடைமுறைப்படுத்தப்பட்டது. காவல்துறை, போக்குவரத்துத் துறை, நெடுஞ்சாலைத் துறை, மருத்துவமனை ஆகியவை ஒரே விபத்தைப் பற்றிய தமது குறிப்புகளை இதில் பதிவு செய்கின்றன.

பொறுப்பும் இழப்பீடும்

பின்னால் வந்து மோதியவரே தவறு செய்தவர் என்பது பொதுவான எண்ணம். முதல் தகவல் அறிக்கையும் பல நேரங்களில் அவ்வாறே எழுதப்படுகிறது. இரவில் விளக்கற்ற டிரெய்லரில் மோதி இறந்த இருசக்கர ஊர்தி ஓட்டுநரே குற்றம் சாட்டப்பட்டவராகப் பதிவு செய்யப்பட்டால், அவர் இறந்துவிட்டதால் குற்ற வழக்கு முடிவுக்கு வந்துவிடும். அவரது குடும்பத்தின் இழப்பீட்டுக் கோரிக்கைக்கு இது பெரும் தடையாகிறது. எனினும், தீர்ப்பாயம் முதல் தகவல் அறிக்கைக்குக் கட்டுப்பட்டது அன்று. குற்ற வழக்கில் ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டும். தீர்ப்பாயத்தில் எது நிகழ்ந்திருக்கக் கூடியது என்ற அளவுக்கு மெய்ப்பித்தால் போதும்.

உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இரு திசைகளிலும் உள்ளன.

- 2018 பெப்ரவரியில், இரவில் விளக்கின்றிச் சாலை நடுவே நிறுத்தப்பட்ட எரிவாயு டேங்கர் லாரியில் மகிழுந்து மோதிய வழக்கில், மகிழுந்து ஓட்டுநருக்கும் பாதிப் பொறுப்பு உண்டு என்ற உயர் நீதிமன்ற முடிவு நீக்கப்பட்டது.
- 2018 ஏப்ரலில், முன்சென்ற லாரியுடன் போதிய இடைவெளி விடாமல் சென்று மோதிய மகிழுந்தின் ஓட்டுநரே பொறுப்பு என முடிவு செய்யப்பட்டது.
- 2024 செப்டம்பரில், நெடுஞ்சாலையில் விளக்கும் எச்சரிக்கைக் குறியும் இன்றி விடப்பட்ட லாரியின் தரப்பே பொறுப்பு எனக் கூறப்பட்டது. ஓட்டுநரின் கவனக்குறைவைக் காட்டி உடன் சென்ற பயணிகளின் இழப்பீட்டைக் குறைக்க முடியாது எனவும் கூறப்பட்டது.
- 2025 சூலையில், கோயம்புத்தூரில் 2017-இல் நடந்த விபத்து பற்றிய வழக்கில், நெடுஞ்சாலையில் முன்னறிவிப்பின்றித் திடீரென நிறுத்திய மகிழுந்தின் ஓட்டுநருக்கு 50 விழுக்காடும், பேருந்து ஓட்டுநருக்கு 30 விழுக்காடும், பின்னால் வந்த இருசக்கர ஊர்தி ஓட்டுநருக்கு 20 விழுக்காடும் பொறுப்பு எனப் பகுக்கப்பட்டது.

இவ்வழக்குகளில் வேறுபடுவது சட்டம் அன்று. விளக்கு, இடைவெளி, சைகை பற்றிய சான்றே ஆகும்.

2022 ஏப்ரல் 1 முதல், இழப்பீட்டு மனு விபத்து நடந்த 6 மாதங்களுக்குள் தாக்கல் செய்யப்பட வேண்டும். தவறு யாருடையது என மெய்ப்பிக்கத் தேவையில்லாத 164-ஆம் பிரிவின்படி உயிரிழப்புக்கு 5 இலட்சம் ரூபாயும், கொடுங்காயத்துக்கு இரண்டரை இலட்சம் ரூபாயும் கோரலாம். மோதிய ஊர்தி அடையாளம் தெரியாமல் போனால் உயிரிழப்புக்கு 2 இலட்சம் ரூபாயும், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் வழங்கப்படும்.

டிரெய்லரில் ஏறிச் சென்று விபத்துக்குள்ளாகும் கூலித் தொழிலாளர்களின் நிலை கடினமானது. வேளாண் பயன்பாட்டுக்கான காப்பீடு அவ்வாறு பயணம் செய்பவரைப் பொதுவாகக் காப்பதில்லை. 2007-ஆம் ஆண்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், காப்பீட்டு நிறுவனம் பொறுப்பாகாது எனக் கூறிய போதிலும், இழப்பீட்டை முதலில் நிறுவனம் செலுத்திப் பின்னர் உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளுமாறு பணித்தது. மாட்டு வண்டிக்குக் காப்பீடே இல்லை என்பதால், விளக்கற்ற வண்டியில் மோதியவரின் குடும்பம் வண்டியின் தரப்பிலிருந்து இழப்பீடு பெறுவது அரிது.

சாலைப் பாதுகாப்பு வழக்கு

கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு முறிவு அறுவை மருத்துவர் ச. இராசசேகரன் 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கு, இந்தியச் சாலைப் பாதுகாப்பு வரலாற்றில் குறிப்பிடத்தக்கது. இவ்வழக்கில் 2014-இல் நீதிபதி கே. எசு. இராதாகிருட்டிணன் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. 2017 நவம்பர் 30 அன்று மாநிலச் சாலைப் பாதுகாப்புக் கொள்கை, மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு, விபத்துப் பகுதிகளைக் கண்டறிதல் உள்ளிட்ட பல பணிப்புரைகள் வழங்கப்பட்டன.

தேசிய நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 500 மீட்டர் நீளப் பகுதியில், 3 ஆண்டுகளில் உயிரிழப்போ கொடுங்காயமோ விளைவித்த 5 விபத்துகள் நடந்தால், அல்லது 10 பேர் உயிரிழந்தால், அது விபத்துக் கரும்புள்ளி எனக் கொள்ளப்படுகிறது. மெதுவேக ஊர்தி விபத்துகள் ஒரே இடத்தில் குவியாமல் சாலை நெடுகப் பரவி நிகழக்கூடியவை என்பதால், அவற்றை இவ்வரையறை எளிதில் காட்டுவதில்லை. இந்தியாவில் 2022-இல் 4,61,312 சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். விபத்துகளின் எண்ணிக்கையில் 64,105 உடன் தமிழ்நாடு முதலிடத்தில் இருந்தது. மாநிலத்தில் 17,884 பேர் உயிரிழந்தனர்.

பிற நாடுகளில்

ஐக்கிய அமெரிக்காவில் மெதுவேக ஊர்திகளுக்குத் தனிச் சின்னம் உண்டு. ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கென் ஆர்க்னெசு என்பவர் 1960-களின் தொடக்கத்தில் இதனை உருவாக்கினார். முனைகள் வெட்டப்பட்ட முக்கோணம் இதன் வடிவம். பகலில் தெரிவதற்காக நடுவில் ஒளிர் செம்மஞ்சள் நிறமும், இரவில் தெரிவதற்காக ஓரத்தில் எதிரொளிக்கும் சிவப்பு நிறமும் கொண்டது. பொதுவாக மணிக்கு 25 மைல் (40 கி.மீ.) வேகத்தைத் தாண்டாத ஊர்திகளுக்கு இது உரியது.

குதிரை வண்டிகளைப் பயன்படுத்தும் ஆமிசு சமயத்தவருள் ஒரு பிரிவினர், பளபளப்பான இச்சின்னம் தமது எளிமை நெறிக்கு முரணானது என மறுத்தனர். மினசோட்டா மாநில உச்ச நீதிமன்றம் 1990-இலும், விசுகான்சின் மாநில உச்ச நீதிமன்றம் 1996-இலும் அவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தன. வெள்ளை எதிரொளிப்பு நாடாவும் சிவப்பு விளக்கும் மாற்றாக ஏற்கப்பட்டன. சின்னம் எது என்பதைவிட ஊர்தி தெரிவதே நோக்கம் என்பது இத்தீர்ப்புகளின் அடிப்படை.

ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 69-ஆம் ஒழுங்குமுறை இதையொத்த முக்கோணப் பலகையை வரையறுக்கிறது. ஐக்கிய இராச்சியத்தில் மணிக்கு 25 மைல் வேகத்தைத் தாண்டாத மோட்டார் ஊர்திகள், நடுத்திட்டுடன் கூடிய இருவழிச் சாலைகளில் சுழலும் மஞ்சள் விளக்கைப் பயன்படுத்த வேண்டும். இலங்கையில் இருசக்கர உழவு இயந்திரத்துக்கும் வேளாண் நில ஊர்திக்கும் தனித்தனி ஓட்டுநர் உரிம வகைகள் உள்ளன.

இவற்றையும் பார்க்க

- மோட்டார் வாகனச் சட்டம், 1988
- தேசிய நெடுஞ்சாலை 744 (இந்தியா)
- தென்காசி மாவட்டம்
- எதிரொளிப்பான்
- டிராக்டர்
- மாட்டு வண்டி